அரையாண்டுக் கணக்கு: ஜனவரியில் எடுத்த தீர்மானங்களை நடு ஆண்டில் ஆய்வு செய்வது எப்படி?

லீப் அல்லாத ஆண்டில் நட்டநடு நாள் ஜூலை 2. அதற்கு முன்னே 182 நாள், பின்னே 182 நாள். அந்தத் தேதியை ஒட்டி, ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்த தீர்மானங்கள் பலருக்கும் ஒருமுறை மனதில் வந்துபோகும். படுக்கையில் கிடந்தபடி ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு, "இந்த வருஷமும் போச்சு" என்றோ "பரவாயில்லை, ஏதோ போகுது" என்றோ ஒரு முடிவு கட்டிவிட்டுத் தூங்கிவிடுவோம். இரண்டுமே அன்றைய மனநிலை எழுதிய தீர்ப்பு. அன்று வேலையில் திட்டு வாங்கியிருந்தால் ஆறு மாதமும் வீணாகத் தெரியும். பாராட்டு கிடைத்திருந்தால் எல்லாமே ஒழுங்காக நடப்பதுபோல் தோன்றும்.

மனக்கணக்கை ஒதுக்கிவிட்டு, பதிவுகளை முன்னால் வைத்து ஆய்வு செய்யும் முறை இது. மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகும். முடிவில் ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு தீர்ப்பும், வரும் வாரத்துக் காலண்டரில் குறைந்தது ஒரு மாற்றமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். காலண்டரில் எதுவும் மாறவில்லை என்றால் அந்த ஆய்வு கண்துடைப்பு.

இரண்டு அமர்வுகள், நடுவில் ஓர் இரவு

முதல் அமர்வு 90 நிமிடம்: எண்ணுவதற்கு மட்டும். இரண்டாவது 60 நிமிடம்: முடிவெடுக்க மட்டும். இரண்டுக்கும் இடையே ஓர் இரவு தூங்கி எழுந்திருக்க வேண்டும். இந்த இடைவெளியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். "வாரத்துக்கு 4 நாள் ஓடுவேன் என்று எழுதினேன், ஜூனில் மொத்தமே 2 நாள்தான் ஓடியிருக்கிறேன்" என்று பார்த்த அதே நிமிடத்தில் முடிவெடுத்தால், வெட்கம் பேனாவைப் பிடித்துக்கொள்ளும். "இனி தினமும் 10 கிலோமீட்டர்" என்று எழுத வைக்கும். அந்தத் திட்டம் பெரும்பாலும் இரண்டு வாரம் தாங்காது.

தேவையானவை: இலக்குக்கு ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, கடந்த ஆறு மாதத்துக் காலண்டர். போன் முதல் அமர்வில் பதிவுகளைப் பார்க்கவும், எல்லாம் முடிந்தபின் நினைவூட்டல் போடவும் மட்டும்தான்.

படி 1: இலக்கை அப்போது எழுதிய சொற்களிலேயே எழுதுங்கள்

தாளின் தலைப்பில், அன்று எழுதிய வாசகத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதுங்கள். "உடம்பைப் பார்த்துக்கணும்" என்று எழுதியிருந்தால் அதையேதான். நினைவு நமக்குச் சாதகமாகத் திருத்தி எழுதும் பழக்கம் உள்ளது. வாரத்துக்கு 5 நாள் என்று தொடங்கி 3 நாள் செய்தவருக்கு, இலக்கே 3 நாள்தான் என்று உண்மையாகவே ஞாபகம் இருக்கும்.

எங்கும் எழுதி வைக்கவில்லையா? டிசம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை நண்பர்களுக்கு அனுப்பிய செய்திகள், போனில் உள்ள குறிப்புகள், அப்போது சேர்ந்த வகுப்பு, இறக்கிய செயலி, வாங்கிய புத்தகம் ஆகியவற்றைப் பாருங்கள். உங்கள் இலக்கு என்னவாக இருந்தது என்பதை அவை சொல்லிவிடும்.

வாசகத்துக்குக் கீழே இரண்டு கேள்விகள்: இதில் எண் இருந்ததா? செய்யும் நாளோ நேரமோ இருந்ததா? எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்கள் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளின் சாரம் இது: "முடிந்த அளவு செய்" என்பதைவிட, திட்டவட்டமான, சற்றே கடினமான இலக்குதான் அதிக வேலை வாங்கும். ஆனால் முற்றிலும் புதிய திறனைப் பழகும்போது, விளைவுக்கு எண் வைப்பதைவிடக் கற்றுக்கொள்ள வேண்டியதை இலக்காக வைப்பதே நல்லது என்றும் அவர்கள் கண்டார்கள். நீச்சலே தெரியாதவருக்கு "மூன்று மாதத்தில் 1 கிலோமீட்டர்" என்பது பதற்றத்தைத்தான் கொடுக்கும். "மூச்சுவிடும் முறையைச் சரிசெய்வது" என்பது வேலைக்கு ஆகும்.

படி 2: மாதத்துக்கு ஓர் எண்

ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு கட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எண்: எத்தனை நாள் செய்தீர்கள், அல்லது எத்தனை முடித்தீர்கள். கருத்து எதுவும் எழுத வேண்டாம்.

எண்களைத் தேட வேண்டிய இடங்கள்: போன் எண்ணி வைத்திருக்கும் நடைக் கணக்கு, திரை நேரக் கணக்கு, புகைப்படங்களின் தேதி, நூலகத்தில் எடுத்த புத்தகங்களின் பட்டியல், பணம் செலுத்திய செய்திகள், கணினிக் கோப்புகள் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி, கற்றல் செயலியின் வரலாறு. தினமும் எழுதுவதாகச் சொன்ன கோப்பு ஏப்ரல் 9-க்குப் பிறகு திறக்கப்படவே இல்லை என்பதைக் கணினி தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்லும். பதிவே கிடைக்காத மாதத்தில் உத்தேச எண்ணை எழுதி வட்டமிடுங்கள். வட்டமிட்ட எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கும். செய்ததையும் செய்யத் தயாரானதையும் ஒரே கணக்கில் போட்டுவிடுவது. ஓவியம் பழகும் இலக்கில் வண்ணம் வாங்கியது, காணொளி பார்த்தது, குழுவில் சேர்ந்தது எல்லாம் தயாரிப்பு. தாளில் வரைந்த நாள்தான் செய்த நாள். தயாரிப்பைக் கட்டத்துக்கு வெளியே சிறிய எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு நிறைய, செயல் குறைவு என்றால் அதுவும் ஒரு தகவல்தான்: தொடக்கத்தில் ஏதோ ஓர் இடத்தில் பயமோ குழப்பமோ இருக்கிறது.

படி 3: எங்கே முறிந்தது என்று கண்டுபிடியுங்கள்

ஆய்வின் உயிர் இந்தப் படிதான். ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம்.

இலக்கு: "தினமும் 30 நிமிடம் புது மொழி படிப்பது." பதிவுகளிலிருந்து கிடைத்த எண்கள்:

ஜனவரி 26, பிப்ரவரி 19, மார்ச் 11, ஏப்ரல் 4, மே 3, ஜூன் 8. மொத்தம் 181 நாளில் 71.

71-ஐ 181-ஆல் வகுத்தால் 39 சதவீதம். இந்த ஒற்றை எண்ணோடு நிறுத்தினால் கிடைப்பது "தோல்வி" என்ற சொல் மட்டுமே. பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு மாதத்தில் 59 நாளில் 45, அதாவது 76 சதவீதம். அடுத்த நான்கு மாதத்தில் 122 நாளில் 26, அதாவது 21 சதவீதம். இவரை ஆரம்பசூரர் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு மாதம் நன்றாகவே ஓடிய வண்டி மார்ச்சில் எதிலோ மோதி நின்றிருக்கிறது.

இப்போது மார்ச் மாதக் காலண்டரைத் திறக்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் வேலை நேரம் மாறியிருக்கிறது. வீடு திரும்புவது மாலை 6-லிருந்து 8 ஆகியிருக்கிறது. படிப்பு நடந்தது இரவு உணவுக்கு முந்தைய அரை மணியில். அந்த அரை மணியே இப்போது இல்லை. இன்னும் ஒரு விவரம்: மார்ச் முதல் ஜூன் வரை படித்த 26 நாட்களில் 19 நாள் சனி, ஞாயிறு காலைகள். ஆக, விருப்பம் போகவில்லை, காலையில் மூளையும் ஒத்துழைக்கிறது; மாலை நேரம் மட்டும்தான் பறிபோயிருக்கிறது. "எனக்கு மன உறுதி இல்லை" என்ற முடிவுக்கும் "நேரத்தைக் காலைக்கு மாற்ற வேண்டும்" என்ற முடிவுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். எண்கள் அதேதான்.

உங்கள் தாளிலும் எண் சட்டென்று விழும் மாதத்தை வட்டமிட்டு, அந்த மாதத்தில் நடந்தவற்றைப் பட்டியலிடுங்கள்: இடமாற்றம், நோய், தேர்வு, விருந்தினர், பயணம், உறவில் விரிசல், புதுப் பொறுப்பு. விழாமல் படிப்படியாகத் தேய்ந்திருந்தால் காரணம் வெளியே இருக்க வாய்ப்பு குறைவு. இலக்கே சலித்திருக்கிறது அல்லது பலன் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் மாதத்திலிருந்தே எண் மிகக் குறைவு என்றால், அது பெரும்பாலும் உங்கள் விருப்பமாகவே இருந்திருக்காது. யாரோ செய்கிறார்கள் என்று எழுதிய இலக்கு.

உயர்ந்த மாதத்தையும் இதேபோல் விசாரியுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் ஜூனில் 3-லிருந்து 8 ஆனது ஏன்? அங்கேதான் இரண்டாம் பாதிக்கான வழி ஒளிந்திருக்கும். குறையைத் துருவுவதில் காட்டும் அக்கறையை நிறையிலும் காட்டினால்தான் இந்த வேலை பயன்படும்.

எண்ணவே முடியாத இலக்குகளுக்கு

"கோபத்தைக் குறைக்கணும்", "பொறுமையாகக் கேட்கணும்", "தன்னம்பிக்கை வளரணும்." இவற்றுக்கு எண் கிடையாது என்று சொல்லி ஆய்விலிருந்தே விலக்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. பண்பை அளக்க முடியாது. அது வெளிப்படும் தருணங்களை எண்ணலாம்.

கோபத்தை எடுத்துக்கொள்வோம். எத்தனை முறை கோபம் வந்தது என்பதைவிடப் பயனுள்ள கேள்விகள் இரண்டு உண்டு: கோபம் வந்து எவ்வளவு நேரத்தில் இயல்புக்குத் திரும்பினீர்கள்? மன்னிப்புக் கேட்க எத்தனை நாள் ஆனது? ஜனவரியில் ஒரு சண்டைக்குப் பிறகு மூன்று நாள் பேசாமல் இருந்தவர் ஜூனில் அன்று இரவே பேசினார் என்றால் அது கணிசமான முன்னேற்றம். கோபத்தின் எண்ணிக்கை குறையாமலேயே இது நடந்திருக்கலாம்.

அடுத்தது, அருகில் இருப்பவர்களைக் கேட்பது. ஒருவர் வீட்டிலிருந்து, ஒருவர் வேலையிலோ படிப்பிலோ இருந்து, ஆக இரண்டு பேர் போதும். "நான் மாறியிருக்கேனா?" என்று கேட்காதீர்கள்; முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: "போன மூணு மாசத்துல நீ பேசிட்டு இருக்கும்போது நான் குறுக்கே பேசினது ஏதாவது ஒண்ணு ஞாபகம் இருக்கா? முழுசா கேட்டது ஏதாவது ஒண்ணு?" சம்பவத்தைக் கேட்டால் சம்பவம் கிடைக்கும். பதில் வரும்போது விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். அங்கேயே விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த முறை உண்மை கிடைக்காது.

படி 4: தீர்ப்பு

இது இரண்டாம் நாள் வேலை. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஐந்து சொற்களில் ஒன்றை எழுதுங்கள்: தொடர்வது, சுருக்குவது, வழியை மாற்றுவது, நிறுத்திவைப்பது, கைவிடுவது.

தொடர்வதற்குப் பெரிய விசாரணை வேண்டாம். எண்கள் ஓரளவு சீராக இருந்தால் தொடருங்கள். ஒன்று நன்றாக ஓடுகிறது என்பதற்காக அதைக் கடினமாக்கும் ஆசை வரும். நன்றாக ஓடுவதை நோண்டாதீர்கள்.

சுருக்குவது என்பது அளவைக் குறைத்து நாட்களைக் காப்பாற்றுவது. 30 நிமிடம் 15 ஆகலாம், வாரத்துக்கு 6 நாள் 3 ஆகலாம். வழியை மாற்றுவது என்றால் இலக்கு அப்படியே இருக்கும். நேரம், இடம், துணை, கருவி ஆகியவற்றில் ஒன்று மாறும். ஒன்று மட்டும். நான்கையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று டிசம்பரில் தெரியாது.

நிறுத்திவைப்பதற்குத் திரும்பத் தொடங்கும் தேதி கட்டாயம். தேதி இல்லாத நிறுத்திவைப்பு, கைவிட்டதைச் சொல்லக் கூச்சப்படுவதுதான்.

கைவிடுவதுதான் எல்லாருக்கும் கடினம். கட்டிய பணம், செலவழித்த மாதங்கள், நாலு பேரிடம் சொன்ன வார்த்தை எல்லாம் கையைப் பிடிக்கும். ஒரே ஒரு கேள்வி இதைத் தீர்க்கும்: இதை இதுவரை தொடங்கவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இன்று புதிதாகத் தொடங்குவேனா? பதில் "இல்லை" என்றால், செலவான பணமும் காலமும் தொடர்வதற்குக் காரணம் ஆகாது; தொடர்ந்தாலும் அவை திரும்பி வரப்போவதில்லை. கைவிடும் இலக்கின் தாளில் ஒரு வரி எழுதுங்கள்: இதிலிருந்து விடுபடும் நேரம் எந்த இலக்குக்குப் போகிறது? அந்த வரி இல்லாவிட்டால் அந்த நேரம் போன் திரைக்குப் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. எல்லாத் தாள்களிலும் ஒரே மாதத்தில் எண்கள் சரிந்து, இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டிருந்தால் அது இலக்குப் பிரச்சினை அல்ல. மருத்துவரைப் பாருங்கள். இலக்குகள் காத்திருக்கும்.

படி 5: இரண்டாம் பாதியின் கூட்டல் கழித்தல்

ஜூலை முதல் டிசம்பர் வரை 184 நாள், சுமார் 26 வாரம். பெரும்பாலோர் இங்கே செய்யும் தவறு, விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கப் பார்ப்பது. ஆண்டுக்கு 24 புத்தகம் என்று எழுதி 7 படித்திருக்கிறீர்கள், மீதி 17. இதுவரையான வேகம் 26 நாளுக்கு ஒன்று. 17-ஐ முடிக்க வேண்டுமானால் 11 நாளுக்கு ஒன்று வேண்டும், அதாவது இரண்டு மடங்குக்கும் மேலான வேகம். வாழ்க்கையில் வேறெதுவும் மாறாமல் இது நடக்காது. விட்டதைக் கடனாக நினைக்காதீர்கள். பழைய கணக்கை ஜூன் 30-ஓடு மூடிவிட்டு, இரண்டாம் பாதிக்குத் தனியாக ஓர் எண் வையுங்கள்: 9 அல்லது 10 புத்தகம்.

நேரக் கணக்கையும் போட வேண்டும். வாரத்தில் 168 மணி நேரம். தூக்கம், வேலை, பயணம், வீட்டு வேலை, குடும்பம் ஆகியவற்றைக் கடந்த வாரம் உண்மையில் நடந்தபடி கழியுங்கள். நடக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பியபடி வேண்டாம். மிஞ்சுவதில் பாதியை மட்டும் இலக்குகளுக்கு ஒதுக்குங்கள். மறு பாதி ஓய்வுக்கும் எதிர்பாராதவற்றுக்கும். தினமும் 30 நிமிடம் என்று 9 இலக்குகள் எழுதியவர், நாளுக்கு நாலரை மணி நேரத்தைக் காகிதத்தில் செலவு செய்துவிட்டார். அந்த நாலரை மணி எங்கும் கிடையாது. இரண்டாம் பாதிக்கு மூன்று இலக்கு என்பது பெரும்பாலோருக்குத் தாங்கும் அளவு.

ஒரு வேலையை எத்தனை நாளில் முடிப்போம் என்ற மதிப்பீட்டில் நாம் எல்லாருமே தாராளமாகத் தவறுகிறோம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதும் கல்லூரி மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எடுத்துக்கொண்டது 55 நாளுக்கு மேல். எல்லாமே தவறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன கணக்கையும் அது தாண்டியது. அதனால் முடிவுத் தேதி உள்ள இலக்குகளில் நீங்கள் நினைக்கும் நாட்களை ஒன்றரையால் பெருக்குங்கள்.

மொழி உதாரணத்துக்கு இந்தக் கணக்கு இப்படி வரும்: தினமும் 30 நிமிடம் என்பதை விட்டுவிட்டு, வாரத்தில் 4 காலை, 20 நிமிடம். 26 வாரத்தில் 104 அமர்வு, சுமார் 35 மணி நேரம். ஜூன் வரை 71 அமர்வில் படித்ததும் ஏறக்குறைய அதே 35 மணி நேரம்தான். பழைய திட்டம் ஏட்டில் பெரிது. இந்தச் சிறிய திட்டம் இடறாமல் நடந்தாலே அதற்கு ஈடாகிவிடும்.

படி 6: "எப்போது, அப்போது" வாக்கியம்

தொடரும் ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். "செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு காலையில் பல் தேய்த்து முடித்ததும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைத் திறப்பேன்." முன்பே நிச்சயமாக நடக்கும் ஒரு செயல், அதைத் தொட்டு நிற்கும் புதுச் செயல், இடம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இவ்வகைத் திட்டமிடலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விருப்பத்தோடு நிற்பவர்களைவிட இப்படி எழுதியவர்கள் தெளிவாகவே முன்னே இருந்தார்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதினால் அது வாக்கியம் ஆகாது.

இரண்டாவது வாக்கியம் தடைக்கானது. மார்ச்சில் மோதிய அதே கல் மறுபடி வந்தால்? "வேலை நேரம் மாறினால், அந்த வார ஞாயிறன்றே புது நேரத்தைக் காலண்டரில் குறிப்பேன்." முறிந்த இடத்தைப் படி 3-இல் கண்டுபிடித்தது இதற்காகத்தான்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற கணக்கை நம்பி இந்த வாக்கியத்தை மூன்றே வாரத்தில் கைவிடாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் கணிப்பு 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஜூலை முதல் வாரத்தில் தொடங்கினால் 66-ஆவது நாள் செப்டம்பர் முதல் பாதியில் வரும். அதுவரை எண்ணிக்கொண்டே இருங்கள்: செய்த நாளில் ஒரு கோடு, அவ்வளவே. தவறிய நாளுக்குக் காரணம் எழுத வேண்டாம். தொடர்ந்து இரண்டு வாரம் தவறினால் மட்டும் எழுதுங்கள்.

படி 7: அடுத்த இரண்டு நிறுத்தங்கள்

முழு ஆய்வை அடிக்கடி செய்தால் அதுவே ஒரு வேலையாகிவிடும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் 15 நிமிடம், செப்டம்பர் கடைசியில் 30 நிமிடம் போதும். ஆகஸ்ட் நிறுத்தத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எப்போது, அப்போது" வாக்கியத்தில் சொன்ன நேரம் இன்னும் இருக்கிறதா? நேரம் இருந்தும் நடக்கவில்லை என்றால் அளவைப் பாதியாக்குங்கள். நேரமே போய்விட்டது என்றால் வாக்கியத்தைத் திருத்துங்கள். செப்டம்பரில் படி 2-இன் கட்டங்களில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரைச் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு நிறுத்தங்களையும் இப்போதே, தாள்களை மடித்து வைக்கும் முன், போனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள். தாள்களில் தேதி எழுதி, பழைய எண்களை அழிக்காமல் அப்படியே ஓர் உறையில் வையுங்கள். டிசம்பரில் உட்காரும்போது படி 1-க்கு வேண்டிய வாசகம் அந்த உறையில் தயாராக இருக்கும்.